கரடிக்கு என்ன பிடிக்கும்

நிலவறைக் கதவின் கொண்டி தொங்கிக்கொண்டிருந்தது.

காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் கெண்ட்ரா அதை மாட்டிவிட்டுத்தான் போனாள். அந்தக் கதவுக்கு ஒரு துர்க்குணம் உண்டு. கீழே காற்று புகுந்தால் தானாகத் திறந்துகொள்ளும், சமையலறை முழுக்க மண் வாடை ஏறிவிடும். அதற்காகவே அவள் கணவன் வேட் சமையலறைப் பக்கம் ஒரு கொண்டி போட்டுக் கொடுத்திருந்தான். இப்போது அது வளையத்தை விட்டு விலகி, கதவோடு ஒட்டித் தொங்கி, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கிய புயல்காற்று வீட்டையே பிடித்து உலுக்கியது உண்மைதான். கொண்டியை ஆட்டியது காற்று என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்தக் காற்றும் கொண்டியைத் தூக்கிக் கழற்றாது.

அவள் மளிகைப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, கதவை ஒரு சாண் திறந்து கீழே பார்த்தாள். படிகள் இருட்டுக்குள் இறங்கின. உருளைக்கிழங்கு, ஈர சிமெண்ட், கோடை முடிவில் அவள் வேகவைத்துப் புட்டிகளில் அடைத்து அடுக்கிய பீச் பழம் என்று வழக்கமான வாடைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் வந்தது. நாள்கணக்கில் நனைந்து, காயவே காயாமல் யார் உடம்பிலோ கிடந்த கம்பளித் துணியின் நாற்றம். அதோடு விறகுப் புகை. அந்த வீட்டில் விறகு எரிப்பது கிடையாது.

கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டினாள். ஒரு தரம் இழுத்தும் பார்த்துக்கொண்டாள்.

"மெய்சி, காலைல நிலவறைக்குப் போனியா?"

ஆறு வயது மெய்சி தரையில் உட்கார்ந்து பூட்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "அய்ய, நான் போவனா? அங்க சிலந்தி இருக்கு."

அந்தப் பள்ளத்தாக்கில் பகலில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. பூட்டினால் அக்கம்பக்கத்தை நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும். துப்பாக்கிகளை இரும்புப் பெட்டிக்குள் வைத்து, பூட்டின் எண்ணை மனைவியைத் தவிர ஒருவருக்கும் சொல்லாத வேட்கூட, பின்வாசலைச் சும்மா சாத்திவிட்டுத்தான் மர ஆலைக்குப் போவான். மேல் பள்ளத்தாக்கில் பூட்டிக் கிடந்த வேட்டைக் குடில்களில் யாரோ புகுந்து போர்வையும் டப்பா உணவும் எடுத்துப் போனதாகப் பேச்சு கிளம்பிய பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. கடைசிக் குடிலில் காவலுக்கு இருந்த நாயின் கழுத்தை அறுத்துப் போட்டிருந்தார்களாம். கெண்ட்ரா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள், இந்த மாதிரிச் செய்திகள் எல்லாம் அங்கேதான் முதலில் வந்து இறங்கும்.

வேட் வந்தபோது நவம்பர் மாதத்து வெளிச்சம் முற்றிலும் போயிருந்தது. தாடியில் மரத்தூள், மூக்கு சிவந்திருந்தது, வாயெல்லாம் சிரிப்பு.

"நிலவறைக் கொண்டியைக் கழட்டினது நீயா?"

"வாசல்ல நுழைஞ்சதுமே விசாரணையா? இரு, வக்கீல் வச்சுக்கறேன்."

"விளையாடாத வேட். கழட்டினியா இல்லியா?"

"விடியறதுக்கு முன்னாடி போனவன், இப்பதான் வரேன். நீதான் மறந்திருப்ப."

"நான் மறக்கல."

"போன வாரம் வண்டியை ஓடவிட்டுட்டே கடைக்குள்ள போனது யாரு? மெய்சி, நீ சொல்லு."

"அம்மா!" என்று கத்தினாள் மெய்சி. அப்பனும் மகளும் ஒரே கட்சி, எப்போதும் அப்படித்தான்.

கெண்ட்ராவும் சிரித்துவைத்தாள். அடுப்பில் மான் கறியும் பீன்ஸும் கொதித்தன, சோள ரொட்டி வெந்துகொண்டிருந்தது, கணவன் வீட்டுக்கு வந்துவிட்டான். இதற்குமேல் என்ன வேண்டும். ஆனாலும் ரொட்டி வாசத்துக்கு நடுவில் அந்த ஈரக் கம்பளி வாடை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டே இருந்தது. அது தன் மூக்குக்கு மட்டும்தான் எட்டுகிறதா என்று கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

மூவரும் உட்கார்ந்து முதல் கவளம் எடுக்கும்போது மின்சாரம் போயிற்று. குளிர்பெட்டியின் முனகலும் கணப்பின் இரைச்சலும் ஒரே நொடியில் அடங்க, அதுவரை அந்தச் சத்தங்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்த வீடு தன் சொந்தக் குரலில் பேச ஆரம்பித்தது. கூரைத் தகடு படபடத்தது, வெளியே பைன் மரங்கள் ஒன்றையொன்று உரசி முனகின, சுவருக்குள் எங்கோ ஓர் ஆணி குளிரில் டிக்கென்றது. வேட் மெழுகுவத்தி ஏற்றினான். அப்போது அவர்கள் காலடியில், தரைக்குக் கீழே, ஒரு கண்ணாடிப் புட்டி சிமெண்டில் விழுந்து, உடையாமல், மெதுவாக, நிதானமாக, நிலவறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரைக்கும் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

யாரும் கரண்டியை அசைக்கவில்லை.

"தீனி தேடி ஏதாவது ரக்கூன் புகுந்திருக்கும்," என்றான் வேட்.

"கொண்டியைக் கழட்டி, உள்ள போயி, கதவையும் சாத்திக்கிற ரக்கூனா?"

அவன் பதில் சொல்வதற்குள் நிலவறைப் படி கிறீச்சிட்டது. கடைசிப் படி. உடம்பின் முழுப் பாரமும் ஏறினால் மட்டும் கத்துகிற படி. வேட்டின் முகத்திலிருந்து விளையாட்டு வடிந்து போவதை அவள் கண்ணால் பார்த்தாள்.

"திட்டம்," என்றான் மெதுவாக.

திட்டம் என்றால் அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. துப்பாக்கி விஷயத்தில் வேட் மாதிரி ஒழுங்கான ஆளை அந்தச் சுற்றுவட்டாரத்தில் பார்க்க முடியாது. தோட்டாவை எடுத்துவிட்டானா என்று இரண்டு தரம் பார்ப்பான், விளையாட்டுக்கும் யார் பக்கமும் குழலைத் திருப்ப மாட்டான், சுடும் களத்தில் காது மூடி போடாதவனைத் திட்டியே வெளியேற்றுவான். ஒத்திகையில் கெண்ட்ரா மகளை இழுத்துக்கொண்டு படுக்கையறையை ஒட்டிய துணி அறைக்குள் போய், கதவைச் சாத்தி, சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் ஷாட்கன்னோடு உட்கார வேண்டும். வேட் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கதவுக்கு வெளியே சத்தம் போடாமல் நிற்பான். உள்ளேயிருந்து கேள்வி வரும். சரியான பதில் வந்தால் அப்பா. பதில் வராவிட்டால் அப்பா இல்லை, கதவு திறந்தால் சுட வேண்டியதுதான்.

கேள்வியை மெய்சிதான் தேர்ந்தெடுத்தாள். கரடிக்கு என்ன பிடிக்கும்? ஊறுகாய். ஒவ்வொரு தடவையும் அப்பாவின் கட்டைக் குரலில் அந்தப் பதிலைக் கேட்டதும் உருண்டு உருண்டு சிரிப்பாள். ஒத்திகை முடிந்ததும் சோளப்பொரி.

பெட்டி திறந்தது. வேட் ஷாட்கன்னில் தோட்டா ஏற்றி அவள் கையில் கொடுத்தான், கைத்துப்பாக்கியையும் டார்ச்சையும் தான் எடுத்துக்கொண்டான். பூட்ஸைக் கழற்றிக் காலுறையோடு நின்றான். கெண்ட்ரா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாத. துப்பாக்கி வகுப்புல அந்தம்மா என்ன சொன்னாங்க? தேடிட்டுப் போகாதீங்க, ஒரு அறைக்குள்ள இருங்கன்னாங்கள்ல. நீயும் எங்களோட வா. மூணு பேரும் உள்ள இருப்போம்."

"எவ்ளோ நேரம்? போன் செத்துக் கெடக்கு. பாலத்துக்கிட்ட மரம் விழுந்து பாதி ரோட்டை அடைச்சிருக்கு. போலீஸு நாளைக்குத்தான் வருவான்."

"அப்ப வண்டில ஏறிடுவோம். எதையாவது எடுத்துட்டுப் போகட்டும் வேட், எனக்கு இந்த வீடு வேணாம். நீ வேணும்."

"என் வீட்டை விட்டு நான் எதுக்கு ஓடணும்?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் நெற்றியில் உதட்டை வைத்து எடுத்தான். "அஞ்சு நிமிஷம், செல்லம். வாசல்ல வந்து நிக்கறேன், நீ கேளு, நான் சொல்றேன்."

மெய்சி அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, இது நிஜமா?"

"இல்லடா தங்கம். ஒத்திகை."

துணி அறைக்குள் கரி இருட்டு. மேலே தொங்கிய குளிர்காலக் கோட்டுகள் தலையில் உரசின. அந்துருண்டை வாசம், தோல் வாசம், வேட்டின் வேட்டைச் சட்டையில் காய்ந்துபோன பழைய ரத்தத்தின் இரும்பு வாசம். மெய்சி அவளுடைய முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு, சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒத்திகையில் இந்தக் குழல் இவ்வளவு கனத்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. அப்போது அதில் தோட்டா கிடையாது.

அவள் காதையே கண்ணாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலுறைக் கால்கள் கூடத்தில் நடந்து போயின, கேட்டும் கேட்காமலும். சமையலறையில் கொண்டி கிணுக்கென்றது. கதவு. முதல் படி, இரண்டாவது படி, பிறகு காற்று வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிற்று. கூரை அலறியது. காற்று ஓய்ந்தபோது கீழேயிருந்து வேட்டின் குரல் வந்தது, வார்த்தை புரியவில்லை, அதட்டல் மட்டும் புரிந்தது. அதற்கு இன்னொரு குரல் பதில் சொன்னது.

அதுவரை ரக்கூன் என்று நம்ப ஒரு மூலை மிச்சம் இருந்தது. அந்தக் குரல் சன்னமாக, விடாமல், கெஞ்சுகிற மாதிரியோ பாடுகிற மாதிரியோ இழுத்துக்கொண்டே போனது. வேட் கத்தினான். அது நிற்கவில்லை.

வெடித்தது.

தரை அதிர்ந்து அவள் தொடையெலும்பில் ஏறியது. மறுபடியும். மறுபடியும். நாலு பக்கமும் சிமெண்டு அடைத்த அந்தக் குழிக்குள் மூன்று வெடி. மெய்சி முதுகில் முகத்தைப் புதைத்து ஊளையிட்டாள், கெண்ட்ரா பின்னால் கை விட்டு அவள் வாயைப் பொத்தினாள்.

"ஷ்ஷ். அப்பா வருவாங்க. கேள்வி கேப்போம். சரியா? அப்பா வருவாங்க."

காற்று. கூரை. காற்று.

அப்புறம் படிகள்.

ஏறுகிற காலில் அவனுடைய நடை இல்லை. வேட் படியேறினால் ஒரே தாளத்தில் ஏறுவான். இது ஒரு படி ஏறி நின்றது, சுவரில் இடித்தது, இன்னொரு படி ஏறியது. தள்ளாடியது. சமையலறையில் நாற்காலி ஒன்று கவிழ்ந்தது, அதை யாரும் நிமிர்த்தவில்லை. கூடத்துச் சுவரை ஒரு கை தடவிக்கொண்டே வந்தது, படங்கள் ஒவ்வொன்றாக ஆணியில் ஆடின. படுக்கையறை. கம்பளத்தில் ஈரமான கால் வைக்கிற சத்தம்.

கதவுக்கு வெளியே வந்து நின்றது.

மூச்சு கேட்டது. பெருமூச்சு, வாயால் விடுகிற மூச்சு. வெடிமருந்து நாற்றம். அதோடு ஈரக் கம்பளி. அவள் மூக்கு பொய் சொல்லவில்லை. ஈரக் கம்பளி, கதவுக்கு அந்தப் பக்கம்.

"கரடிக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்டாள்.

பதில் இல்லை.

வேட்டாக இரு. கடவுளே, வேட்டாக இரு. தொண்டையைச் செருமிக்கொண்டு பலமாகவே கேட்டாள். "கரடிக்கு என்ன புடிக்கும்?"

மூச்சு. மூச்சு மட்டும்.

"சொல்லு! வேட்! சொல்லு!"

மெய்சியும் பின்னாலிருந்து, அழுகையோடு, கீச்சுக் குரலில் கேட்டாள். "அப்பா, கரடிக்கு என்ன புடிக்கும்?"

கைப்பிடி திரும்பியது.

அவள் துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டைத் தள்ளி விடுவித்தாள். விரல் விசைக்குள் போயிற்று. வேண்டாம். திறக்காதே. திறக்காதே.

திறந்தது. இருட்டில் இன்னும் கெட்டியான ஓர் இருட்டு. கையில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

சுட்டாள்.

நெருப்பு வெளிச்சத்தில் ஒரே ஒரு கணம் தாடி தெரிந்தது. மரத்தூள்.

அதற்குப் பிறகு உலகத்தில் சத்தமே இல்லை. புயல் நின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். தலைக்குள் ஒரு மெல்லிய கம்பி விடாமல் ரீங்கரித்தது, அதைத் தவிர வேறொன்றும் இல்லை. அவன் கையிலிருந்த, அணைந்துபோன டார்ச் தரையில் விழுந்து தானாக எரிய ஆரம்பித்து, சுழன்று, நின்றது. வேட் மல்லாந்து கிடந்தான். மார்பு இருக்க வேண்டிய இடத்தில் சட்டையும் சதையும் ஒன்றாகக் கலந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவனுடைய இரண்டு காதிலிருந்தும் ரத்தம் கோடாக வழிந்து கழுத்தில் இறங்கியிருந்தது. அந்த ரத்தம் அவள் சுட்டதால் வந்ததல்ல. அதற்குள் அது உறைய ஆரம்பித்திருந்தது.

கெண்ட்ரா வாயைத் திறந்து அவன் பெயரைக் கூப்பிட்டாள். குரல் தொண்டையில் அதிர்ந்தது, காதுக்கு வரவில்லை. அப்போதுதான் புரிந்தது. சிமெண்டுக் குழிக்குள் மூன்று தரம் சுட்டவன் மேலே ஏறி வந்து, இந்தக் கதவுக்கு வெளியே, சொல்லி வைத்தபடி ஒழுங்காக நின்று, கேள்விக்காகக் காத்திருந்திருக்கிறான். கேள்வி அவன் காதுக்கு எட்டவே இல்லை. உள்ளே மனைவியும் குழந்தையும் ஏன் பேச்சுமூச்சில்லாமல் இருக்கிறார்கள் என்று பயந்துபோய்க் கதவைத் திறந்திருக்கிறான். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் வெறும் துப்பாக்கியோடு ஒத்திகை பார்த்தார்கள். சத்தத்தை ஒத்திகை பார்க்கவில்லை. அவள் தன் கையைக் கடித்துக்கொண்டாள், எலும்பு தட்டுகிறவரைக்கும்.

சட்டையைப் பிடித்திருந்த பிடி விட்டது. மெய்சி அவளைத் தாண்டி ஓடினாள். அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டு அவன் தோளை உலுக்கினாள். அவள் வாய் அகலத் திறந்து திறந்து மூடியது. எந்தச் சத்தமும் வரவில்லை. வாயைப் பார்த்தே சொல்லைப் படிக்க முடிந்தது. அப்பா. அப்பா. அப்பா.

அப்போது டார்ச் வெளிச்சத்தின் கடைசி விளிம்பில், அறை வாசலில், ஒரு ஜோடிக் கால்கள் வந்து நின்றன.

வெறுங்கால்கள். நீலம் பாரித்து, சேறு அப்பி. மேலே நனைந்த கம்பளிக் கோட்டு. ஒரு கையை வயிற்றில் அழுத்திப் பிடித்திருந்தான், விரலிடுக்கில் கறுப்பாக ஏதோ ஒழுகியது. மற்றக் கை கோட்டுக்குள் இருந்தது. முகத்தின் மேல்பாதி இருட்டில் இருந்தது. வாய் மட்டும் தெரிந்தது. அது பேசிக்கொண்டே இருந்தது. நிறுத்தாமல், நிதானமாக, கெஞ்சுகிற மாதிரியோ பாடுகிற மாதிரியோ.

கெண்ட்ரா துப்பாக்கியின் முன்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றினாள். வெற்றுத் தோட்டா பக்கவாட்டில் சத்தமில்லாமல் விழுந்தது. குழலை உயர்த்தினாள்.

"நில்லு!" என்றாள். சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "கையை வெளிய எடு! நில்லு!"

வாய் பேசியது. கால் ஒன்று உள்ளே வந்தது. இன்னொன்றும் வந்தது. கோட்டுக்குள்ளிருந்து கை மெதுவாக வெளியே வர ஆரம்பித்தது, மெய்சி இருந்த பக்கமாக நீண்டது.

"மெய்சி, படு! கீழ படு!"

மெய்சிக்குக் கேட்கவில்லை. அவளும் அந்த அறைக்குள்தானே இருந்தாள். ஏதோ அசைவு தெரிந்து நிமிர்ந்தவள் அந்த ஆளைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள், அம்மா கையில் உயர்ந்து நிற்கும் துப்பாக்கியைப் பார்த்தாள். துப்பாக்கி உயர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அப்பா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். சமர்த்தாக எழுந்து, குழலுக்கும் அந்தக் கைக்கும் நடுவில் நேராக நின்று, இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.